மறுபடியும் மூக்கு ஆபரேஷன்: விலாக் குருத்தெலும்பா, மெட்போரா?

கேள்வி (காவேரிப்பட்டணம்):
வயது 38. ராயக்கோட்டை ரோட்டில் பைக் விபத்து. மூக்குத் தண்டு அமுங்கிப்போய், சிலிக்கான் வைத்து நிமிர்த்தினார்கள். சில வருடம் நன்றாக இருந்தது. இப்போது விரலால் தொட்டால் இடது பக்கம் நகர்கிறது, நுனித் தோல் சிவந்து மினுமினுவென்று இருக்கிறது. பெங்களூரில் ஒரு டாக்டர் விலாவில் குருத்தெலும்பு எடுத்து வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் மெட்போர் என்கிற நுண்துளைப் பிளாஸ்டிக் போதும், நெஞ்சில் கத்தி வேண்டாம் என்கிறார். எனக்கு மாங்காய் மண்டியில் கூடை தூக்கும் வேலை. எதற்குச் சரி சொல்வது?

பதில் (தருமபுரி):
தம்பி, காது மூக்கு தொண்டை தியேட்டரில் நர்ஸாக நிற்கிறவள் சொல்கிறேன். முதலில் அந்தச் சிவப்பை உடனே காட்டுங்கள். மறு ஆபரேஷனுக்கு ஒரு வருடமாவது பொறுக்கச் சொல்வது, வீக்கம் முழுக்க வடிந்து வடிவம் தெரிவதற்காக. தோல் மெலிந்து சிவந்தால் அந்தக் கணக்கு செல்லாது. சிலிக்கான் வெளியே வரப் பார்க்கிறதோ, கிருமி பிடித்திருக்கிறதோ, பார்த்தால்தான் தெரியும். கிருமி என்றால் முதலில் அதை எடுத்துவிட்டு, தோல் ஆறிய பிறகுதான் மற்றது வைப்பார்கள்.

சிலிக்கானில் சதை ஒட்டாது, சுற்றி ஒரு உறைதான் உருவாகும். நகர்வது அதனால்தான், சுலபமாக உருவ முடிவதும் அதனால்தான். மெட்போரில் நுண்துளை வழியாகச் சதை உள்ளே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நகராது, சரி. அப்புறம் எடுக்க நேர்ந்தால் சதையையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும். மெலிந்த தோலுக்கு அடியில் அதை வைக்க நான் சம்மதிக்கவே மாட்டேன்.

மூக்கின் நடுச்சுவரில் குருத்தெலும்பு மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். காதில் எடுப்பது வளைவாக, மென்மையாக இருக்கும். நுனிக்கு நல்லது, அமுங்கிய தண்டைத் தாங்காது. உங்களுக்கு விலாதான் பொருந்தும் என்று படுகிறது. அது செதுக்கிய பிறகு வளையக்கூடியது. அதனால் உப்புநீரில் கொஞ்ச நேரம் போட்டு, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வைப்பார்கள். வயது ஏற ஏறச் சுண்ணாம்பு படிந்து இறுகும், சிடி ஸ்கேனில் தெரிந்துவிடும். விலாவில் எடுக்கும்போது நுரையீரல் உறையில் ஓட்டை விழுவது அபூர்வம், ஆனாலும் கேட்டு வையுங்கள்.

பதில் (ஓசூர்):
எனக்கு விலாவில்தான் எடுத்தார்கள். மூக்கைவிட நெஞ்சுதான் வலித்தது. இருமல் வந்தால் தலையணையை அணைத்துக்கொள்வேன். நுனி இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது, சிரித்தாலும் அசையாது. யாரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. கனம் தூக்க ஆறு வாரம் கூடாது என்றார் டாக்டர். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள் அண்ணா, புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்துத் தோலை ஆறவிடாது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி தம்பி. நாளைக் காலையே போகிறேன். கிருமி பிடித்தால் மெட்போரை எப்படி எடுப்பீர்கள் என்று அந்த டாக்டரிடமே கேட்கிறேன். மண்டியை மச்சான் பார்த்துக்கொள்வார்.