49 வயதில் ஸ்கூட்டி கற்றுக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஆலங்குடிக்காரி:
வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம் ஒரு சின்ன ஊர். வயது 49. பொங்கலுக்கு வந்த மகன் ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். நாலு மாதமாக உறை போர்த்தி வாசலில் நிற்கிறது, கோழிதான் ஏறி உட்காருகிறது. ஒரே ஒரு நாள் வீட்டுக்காரர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர நான் ஓட்டிப் பார்த்தேன். டீக்கடைத் திருப்பத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது, நிறுத்த வேண்டும் என்று நினைத்த அதே கை ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டது. வண்டி வேலியில், நான் கருவேல முள்ளில். அடி பெரிதாக இல்லை, கடையில் இருந்தவர்கள் சிரித்ததுதான் இன்னும் காதில் கேட்கிறது.

இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், என் அம்மா 1992-ல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவர். அப்போது அம்மாவுக்கு 38 இருக்கும், நான் பிளஸ் ஒன். இருட்டிய பிறகு பள்ளிக்கூட மைதானத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பார் வைத்த ஆம்பளை சைக்கிளில் ஏறி விழுந்து, விழுந்து ஏறிக் கற்றுக்கொண்டார். எனக்கு அது அவ்வளவு அவமானமாக இருந்தது, கூடப் படிக்கும் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்று அந்தப் பக்கமே போகமாட்டேன். "நீயும் வாடி" என்று கூப்பிட்டார், போகவில்லை. படிக்கிற பிள்ளை என்கிற கொழுப்பு. இப்போது அம்மாவுக்கு 71. திண்ணையில் இருந்தபடி வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார், ஒரு வார்த்தை சொல்வதில்லை. திட்டினாலாவது பரவாயில்லை.

45 தாண்டிக் கற்றுக்கொண்டவர்கள், பயம் எப்படிப் போனது என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

ஈரோட்டு அக்கா:
நான் கற்றுக்கொண்டது 52-ல், அதனால் நீங்கள் எனக்குச் சின்னப் பிள்ளை. பயம் போகவெல்லாம் இல்லை, பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கூடவே வருகிறது, அவ்வளவுதான். நீங்கள் சொன்ன ஆக்சிலேட்டர் கதை எல்லாருக்கும் நடப்பது. பதறினால் கை இறுகும், இறுகினால் கூடவே முறுக்கும். அதற்கு ஒரு வழி: முதல் நான்கைந்து நாள் இன்ஜினைப் போடவே வேண்டாம். லேசான சரிவில் வண்டியை விட்டு, இரண்டு காலாலும் தரையைத் தட்டித் தட்டிப் போங்கள், கை பிரேக்கை மட்டும் பிடித்துப் பழகட்டும். கண் முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது, தூரத்தில் இருக்கணும். எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் வண்டி போகும். ஆட்டைப் பார்த்தீர்கள், ஆட்டிடம் போனது.

அப்புறம் யாரும் சொல்லாத விஷயம், ஸ்டாண்டு. எனக்கு ஓட்டுவதைவிட நடு ஸ்டாண்டு போடுவதுதான் பயம். நூறு கிலோ வண்டியைக் கையால் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். தூக்கவே கூடாது. வலது காலை ஸ்டாண்டு மேல் வைத்து, இரண்டு முனையும் தரையில் பட்டதும் உடம்புப் பாரம் முழுக்கக் காலில் இறக்கினால் வண்டி தானாக ஏறிக்கொள்ளும். ரோட்டுக்குப் போகுமுன் எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், எடுத்துவிடுங்கள், நாற்பது தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்றிதழும் கேட்பார்கள்.

டவுன்பஸ் பயணி:
தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அம்மா. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம். இந்த வயதில் விழுந்து எலும்பு முறிந்தால் யார் பார்ப்பது? எதற்கு இந்த வேண்டாத வேலை?

ஆலங்குடிக்காரி:
அண்ணே, பஸ் இலவசம்தான், அதில்தான் இவ்வளவு நாளும் போனேன். ஆனால் எங்கள் ஊர் விலக்கில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்கணும், ரேஷன் அரிசியைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் நடந்து பாருங்கள்.

பழைய தொண்டர்:
தங்கச்சி, நான் அன்றைக்கு அறிவொளித் தொண்டனாக இருந்தவன், அன்னவாசல் பக்கம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலம். எழுத்தறிவு இயக்கத்துக்குச் சைக்கிள் எதற்கு என்று எங்களிடமே கேலி பேசினார்கள். பெண் தொண்டர்கள் பக்கத்து ஊருக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டுமென்றால் புருஷனையோ தம்பியையோ எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது, அதற்குத்தான் சைக்கிள். பாங்கில் கடனுக்குக்கூட ஏற்பாடு செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு பார்த்தால், அதுதான் வசதி என்றார்கள். முன்னால் பாரில் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்காரரிடம் கற்றுக்கொள்ளாதீர்கள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சைக்கிள் பிடித்துவிட்ட எனக்கு என் மனைவிக்குக் கற்றுக்கொடுக்க வரவில்லை, ஐந்து நிமிஷத்தில் சண்டை. அவள் கடைசிவரை ஓட்டவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு. திண்ணையில் ஒருத்தர் இருக்கிறாரே, அவரைக் கூட்டிப் போங்கள்.

ஆலங்குடிக்காரி:
எல்லாருக்கும் நன்றி. பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். பள்ளிக்கூட மைதானத்துக்கு இப்போது சுற்றுச்சுவர் கட்டிப் பூட்டிவிட்டார்கள், அதனால் வறண்டு கிடக்கும் கண்மாய்க்குள் விடிகாலை ஐந்தரைக்குப் போகிறோம், அம்மாவும் நானும். நான் கேட்டதும் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். கரையில் உட்கார்ந்துகொண்டு "கீழே பார்க்காதே, வேப்பமரத்தைப் பாரு" என்று ஒரே சத்தம். ஈரோட்டு அக்கா சொன்னதேதான்!

மூன்றாம் நாள் விழுந்து முழங்கை சிராய்ந்தது. அம்மா எச்சில் தொட்டுத் தடவிக்கொண்டே சிரிக்கிறார். 92-ல் ஒருநாள் இதே மாதிரி கை முழுக்கத் தோல் உரிந்து வந்தவர் மாடு முட்டிவிட்டது என்று எங்களிடம் சொன்னார், அப்பா அந்த மாட்டுக்காரரோடு சண்டைக்கே போனார். மாடெல்லாம் ஒன்றும் இல்லையாம். விழுந்தது தெரிந்தால் அப்பா மறுநாள் விடமாட்டார் என்று சொன்ன பொய்யாம். 33 வருஷம் கழித்து இப்போதுதான் வெளியே வருகிறது. அந்த மாட்டுக்காரர் பாவம், இறந்தும் போய்விட்டார்.

எல்எல்ஆர் வாங்கியாயிற்று. நேற்று ரேஷன் கடைக்குப் போய் வந்தேன், டீக்கடை வழியாகத்தான். வலப்பக்கம் திரும்பும் இடத்தில் மட்டும் இன்னும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். அக்கா, லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போடும்போது கால் ஊன்றினால் உடனே ஃபெயிலா, இல்லை இன்னொரு தடவை விடுவார்களா?