அப்பாவுக்குப் புதுசா சுகர்: சோறு நிறுத்தி சப்பாத்தி போட்டும் ஏன் குறையல?

கொத்தமல்லிக்கட்டு கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு வயசு 54, உயரம் 166 செ.மீ., எடை 78 கிலோ. போன மாசம்தான் சுகர்னு தெரிஞ்சது. வெறும் வயித்துல 172, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 268, ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட்) 8.6. பிரஷர் 138/88, சிறுநீரகத்துக்குப் பாக்கற கிரியாட்டினின் 0.9. மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 1 ரெண்டும் சேர்ந்த மாத்திரை, காலையும் ராத்திரியும்.

இப்ப சாப்பிடுறது: காலை 7 மணிக்கு மாத்திரை. 8 மணிக்குக் கேழ்வரகுக் கஞ்சி ரெண்டு டம்ளர், நாட்டுச் சர்க்கரை போட்டு. 11 மணிக்கு டீ, நாலு பிஸ்கட். மதியம் சப்பாத்தி 5, உருளைக்கிழங்கு குருமா. ராத்திரி 9.30க்கு கோதுமை தோசை 4, தேங்காய்ச் சட்னி. சோறு ஒரு பருக்கை கூடக் கிடையாது. இருந்தும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மீட்டர்ல 240, 250ன்னு காட்டுது. இதுல இன்னொரு குழப்பம், மதியச் சாப்பாடு ரெண்டு மணிக்குத் தள்ளிப்போற நாள்ல கை நடுங்கி வேர்த்துக் கொட்டுது. ராத்திரி உள்ளங்கால் எரிச்சலும் இருக்கு. எங்க தப்புப் பண்றோம்?

தராசுத்தட்டு:

தானியத்தை மாத்தியிருக்கீங்க, அளவை மாத்தல. அரிசி, கோதுமை, கேழ்வரகு, தினை எதை எடுத்தாலும் சமைக்காத 100 கிராமில் மாவுச்சத்து 60லிருந்து 80 கிராமுக்குள்ளதான். சப்பாத்திக்கு 35 கிராம் மாவுன்னு வெச்சா அஞ்சுக்கு 175 கிராம். மாவுச்சத்து சுமார் 115. வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28. தட்டு நிறைய 300 கிராம் சோறு போட்டாலும் 84தான் வரும். சோத்தை நிறுத்திட்டு மாவுச்சத்தைக் கூட்டி வெச்சிருக்கீங்க. கூடவே உருளைக்கிழங்கு. அது காய்க் கணக்குல வராது, சோத்துக் கணக்கு. மரவள்ளி, சேப்பங்கிழங்கும் அப்படித்தான்.

கேழ்வரகு நல்ல தானியம், அதுல சந்தேகமில்ல. ஆனா நைசா அரைச்ச மாவைக் கரைச்சு டம்ளர்ல குடிச்சா மெல்லுற வேலையே இல்ல, வயித்துல நிக்காம சீக்கிரம் ரத்தத்துக்கு வந்துடும். அதே மாவை முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு ரொட்டியா தட்டினா கொஞ்சம் மெதுவா ஏறும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், வெள்ளைச் சீனி நாலும் மீட்டருக்கு ஒண்ணுதான். இந்த விஷயத்துல மட்டும் யார் சொன்னாலும் நம்பாதீங்க. "சுகர் ஃப்ரீ" பிஸ்கட்டுல சீனி இருக்காது, மைதா இருக்கும்.

சமையலறைத் தராசு ஒண்ணு வாங்குங்க. ரெண்டு வாரம் எடை போட்டாலே கண் பழகிடும். மதியத்துக்கு வெந்த புழுங்கலரிசிச் சோறு 150 கிராம், மாவுச்சத்து 42. சப்பாத்திதான் வேணும்னா ரெண்டு. பொரியல், கூட்டு, கீரை சேர்த்து 200 கிராமுக்குக் குறையக் கூடாது. தட்டுல பாதி அதுதான். மீன் ரெண்டு துண்டு, இல்லன்னா முட்டை, இல்லன்னா கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம். முதல்ல பொரியலையும் மீனையும் சாப்பிட்டு, சோத்துக்குக் கடைசியில வரச் சொல்லுங்க. அதே சாப்பாடுதான், வரிசை மாறினாலே ஏற்றம் குறையும். சோறு, சாம்பார், திரும்பச் சோறு, ரசம், திரும்பச் சோறு, மோர்னு மூணு சுத்து போற பழக்கம்தான் நம்ம வீட்டுல பெரிய தொல்லை. முழு 150 கிராமையும் முதல்லயே தட்டுல வெச்சுடணும். ரசத்தையும் மோரையும் டம்ளர்ல ஊத்திக் குடிக்கலாம்.

கஞ்சி வடிச்சா சுகர் போயிடும்னு ஒரு பேச்சு உண்டு. போறது கொஞ்சம்தான். வடிச்ச சோறுன்னு கூட ஒரு கரண்டி போட்டா அந்த லாபமும் போச்சு.

ராத்திரிச் சாப்பாட்டை 7.30க்குக் கொண்டு வாங்க. சாப்பிட்டு 15 நிமிஷம் நடை, மூணு வேளையும். காலையில் ஒரே மூச்சா 45 நிமிஷம் நடந்துட்டு மீதி நாள் பூரா உக்காந்தே இருக்குறதை விட, சாப்பாட்டுக்குப் பின்னால வர்ற ஏற்றத்துக்கு இந்த 15 நிமிஷம் நல்லா வேலை செய்யும். 78லிருந்து நாலஞ்சு கிலோ இறங்கினாலே வெறும் வயித்து அளவும் இறங்க ஆரம்பிக்கும்.

உளுந்துவடை:

மேலே சொன்னது மதியத்துக்கு. டிபனுக்கு நான் சொல்றேன், ஏன்னா கோதுமை தோசைன்னு வீட்டுக்கு வீடு செய்றது வெறும் மாவுக் கரைசல்தான், பருப்பே கிடையாது.

பச்சைப் பயறு தோசை: பயறு 100 கிராம், இட்லி அரிசி 2 டேபிள்ஸ்பூன், 6 மணி நேரம் ஊறணும். இஞ்சி ஒரு துண்டு, பச்சை மிளகாய் 2, சீரகம், உப்பு போட்டு அரைச்சு உடனே ஊத்தணும். புளிக்க வெக்காதீங்க, வாடை வரும். தண்ணி அதிகமானா கல்லுல ஒட்டும், திருப்பும்போது கிழியும். தோசை மாவை விட ஒரு சுத்து கெட்டியா இருக்கட்டும். ரெண்டு பேருக்கு ஆகும். 100 கிராம் பயறுல புரதம் சுமார் 24 கிராம், கோதுமை மாவுல அதுல பாதிதான்.

அடைக்கு இட்லி அரிசி 1 பங்கு, கடலைப்பருப்பு 1, துவரம்பருப்பு 1, உளுந்து அரை. கொரகொரப்பாவே அரைங்க. நைசா அரைச்சா தோசை மாதிரி வரும், அடையோட நோக்கமே போயிடும்.

இட்லின்னா ரெண்டு, மிஞ்சினா மூணு. நடுத்தர இட்லி ஒண்ணுல மாவுச்சத்து 10 முதல் 12 கிராம். கூட ஒரு முட்டை, இல்லன்னா கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் (காய்ஞ்ச கடலை 30 கிராம் ஊறப்போட்டா போதும்). சாம்பார்ல காய் தெரியணும், தண்ணி தெரியக் கூடாது.

11 மணிக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை ஒரு சின்னக் கைப்பிடி, 15 கிராம். இல்லன்னா கொய்யா பாதி. பழத்தைக் கடிச்சுத்தான் சாப்பிடணும், ஜூஸ் போடக் கூடாது.

மருந்துச்சீட்டு:

நடுக்கமும் வேர்வையும்தான் இந்தக் கேள்வியிலேயே அவசரமான பகுதி. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமிபிரைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். 7 மணிக்கு மாத்திரை, 8 மணிக்கு வேகமாக ஏறி இறங்கும் கஞ்சி, பிறகு ரெண்டு மணி வரை டீயும் பிஸ்கட்டும். இடைவெளியில் சர்க்கரை தாழ்வதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. தட்டு முன்னால் வந்த பிறகு மாத்திரையைப் போடச் சொல்லுங்கள். மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு மேல் தள்ளக் கூடாது.

நடுங்கும்போது முதலில் மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் குளுக்கோஸ் பொடி அல்லது சீனி 3 டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70 தாண்டவில்லை என்றால் அதே அளவு மறுபடியும். தாண்டிய பிறகு சாப்பாடு. மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் காத்திருக்காமல் சீனித் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். சாக்லேட், பால் இனிப்பு உதவாது; கொழுப்பு இருப்பதால் மெதுவாக ஏறும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள். பின்னாளில் வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை எழுதினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த மருந்து சீனி உடைவதையே தாமதப்படுத்தும், அப்போது குளுக்கோஸ் மட்டும்தான் பலிக்கும்.

கிளிமிபிரைடால் வரும் தாழ்வு சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம். எந்த நாள், எத்தனை மணி, மீட்டர் எவ்வளவு காட்டியது என்று எழுதி இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். மாவுச்சத்தைக் குறைக்கும்போது இந்த மாத்திரையின் அளவையும் அவர் குறைக்க வேண்டி வரும். தராசுத்தட்டு சொன்ன 150 கிராம் சோற்றுக்கு மாறுவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மீட்டரில் பார்த்து 70க்கு மேல், உதாரணமாக 110 என்று இருந்தும் நடுங்கினால், பல மாதம் 250இல் பழகிய உடம்பு இறக்கத்தை உணர்கிறது என்று பொருள். அதற்குச் சீனி வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிட்டால் போதும். சில வாரங்களில் அடங்கும்.

மெட்ஃபார்மினால் வயிறு கலங்கினால் சாப்பாட்டுக்கு நடுவிலோ முடிவிலோ போடலாமா என்று கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை என்றால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மலத்தில் மாத்திரைக் கூடு வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து இறங்கிவிட்டது. வாந்தி, பேதி, காய்ச்சல் வந்து எதுவும் உள்ளே தங்காத நாளில் வழக்கம்போல மாத்திரை போடாமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

ஆவாரம்பூ, வெந்தயம், பாகற்காய் சாப்பாட்டோடு இருக்கட்டும், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சீனி மண் மாதிரி இருக்கும். அது நாக்கில் நடக்கும் வேலை, அதை வைத்துச் சுகர் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

மாத்திரைச் செலவு சுமையாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

சொட்டுரத்தம்:

மீட்டர் விஷயம். சோப்புப் போட்டுக் கை கழுவி நல்லாத் துடைச்சுட்டுத்தான் குத்தணும். மாம்பழம் உரிச்ச கையோட பார்த்தா 300ன்னு காட்டும், அது மாம்பழத்தோட சுகர். விரல் நுனி நடுவுல குத்தாதீங்க, பக்கவாட்டுல குத்தினா வலி குறைவு. ரத்தம் வரலன்னு பிழியவும் கூடாது. கையைத் தொங்கவிட்டு உதறினா வரும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்க, ஃப்ரிட்ஜ்ல வெக்காதீங்க, ஈரம் பட்டா கெட்டுடும். லேப்ல 200, மீட்டர்ல 220ன்னு வந்தா சண்டை போடாதீங்க, 15 சதவீதம் முன்னபின்ன இருக்கறது வழக்கம்.

ஸ்ட்ரிப் விலைக்குத் தினம் நாலு தடவை பாக்க முடியாது. ஜோடியா பாருங்க: சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு, முதல் வாய் வெச்சதுலேர்ந்து ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு. திங்கள் காலை டிபனுக்கு, புதன் மதியத்துக்கு, வெள்ளி ராத்திரிக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் 50க்குள்ள இருந்தா அந்தச் சாப்பாடு அப்பாவுக்கு ஒத்துக்குது. 90, 100ன்னு ஏறினா அளவைக் குறைங்க. பொதுவா வெறும் வயித்துல 80 முதல் 130, சாப்பிட்டு 180க்குள்ள. உங்க டாக்டர் வேற இலக்கு சொல்லியிருந்தா அதுதான். சும்மா வெறும் வயித்து அளவை மட்டும் தினம் பாத்து எழுதறவங்களுக்கு எந்தச் சாப்பாடு கெடுக்குதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

ஹெச்பிஏ1சி மூணு மாசம் கழிச்சுத்தான். 8.6ன்னா சராசரி 200. ரத்தசோகை இருந்தா அந்த எண் தப்பாக் காட்டும், அதனால ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்க.

தேய்ஞ்சசெருப்பு:

உள்ளங்கால் எரிச்சலை விட்டுடாதீங்க. கண்டுபிடிச்சது போன மாசம், சுகர் வந்தது சில வருஷம் முன்னாடியே இருக்கலாம். நரம்பு உணர்ச்சி சரியா இருக்கான்னு, 10 கிராம் அழுத்தத்துல வளையற நைலான் இழையால பாதத்துல தொட்டுப் பாக்கற சோதனையும், அதிர்வு தெரியுதான்னு பாக்கறதும் அஞ்சு நிமிஷ வேலை, கேட்டு வாங்குங்க. வைட்டமின் பி12 அளவையும் இப்பவே ஒரு தடவை பாத்து வெச்சுக்கலாம். மெட்ஃபார்மின் வருஷக்கணக்குல போனா அது குறையும், அப்ப ஒப்பிட உதவும்.

எரியுதுன்னு வெந்நீர்ல கால் வெக்கவே கூடாது, சூடு சரியாத் தெரியாமக் கொப்புளம் வந்துடும். வீட்டுக்குள்ளயும் செருப்பு. சித்திரை வெயில்ல கோயில் பிரகாரத்துக் கல்லுல நடந்து வர்ற புண் ஒவ்வொரு வருஷமும் நடக்கற கதை. காலையில் வெயில் ஏறுமுன்ன போகச் சொல்லுங்க. எம்சிஆர்னு சொல்ற மெத்து ரப்பர் செருப்பு, பின்னால வார் வெச்சது. சாயங்காலம் போய் வாங்கணும், அப்பதான் கால் வீங்கின அளவு தெரியும். ராத்திரி படுக்குமுன்ன கண்ணாடியைத் தரையில வெச்சு உள்ளங்காலைப் பாக்கணும். தேங்காய் எண்ணெய் குதிகாலுக்கு, விரல் இடுக்குல வேண்டாம். அங்க ஈரம் நின்னா சேத்துப்புண்தான். காலாணிக்குக் கடையில விக்கிற பிளாஸ்டர்ல அமிலம் இருக்கும், ஒட்டாதீங்க. பிளேடு, கூடவே கூடாது.

கண்ணுக்கு மருந்து விட்டுப் பாக்கற விழித்திரைப் பரிசோதனை இப்பவே ஒண்ணு, அப்புறம் வருஷா வருஷம். அன்னிக்கு பைக் ஓட்ட முடியாது, கூட ஆள் போங்க. சுகர் குறைய ஆரம்பிச்ச முதல் வாரங்கள்ல பார்வை மங்கலாம். அதுக்காக உடனே கண்ணாடி மாத்தாதீங்க, ஆறேழு வாரம் பொறுங்க, இல்லன்னா ரெண்டு தடவை காசு. சிறுநீர்ல அல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பாக்கணும், கிரியாட்டினின் 0.9 நல்லதுதான், ஆனா சிறுநீரகப் பாதிப்பு முதல்ல தெரியறது சிறுநீர்ல.

கொத்தமல்லிக்கட்டு:

எல்லாருக்கும் நன்றி. நாளைக்கே டாக்டர்கிட்ட நடுக்கம் பத்திச் சொல்றோம். கடைசியா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை மட்டன் பிரியாணி இல்லாம அப்பா இருக்க மாட்டார். சுத்தமா நிறுத்தணுமா?

தராசுத்தட்டு:

வேண்டாம். சோறு அதே 150 கிராம், கறி நாலு துண்டு, அவிச்ச முட்டை ஒண்ணு, வெங்காயத் தயிர்ப் பச்சடி பெரிய கிண்ணம் முதல்ல. பிரெட் அல்வா கிடையாது, கூல்டிரிங்க்ஸ் கிடையாது. ஆனா அன்னிக்கு மீட்டர் ஏமாத்தும். நெய்யும் கொழுப்பும் சேர்ந்தா மாவுச்சத்து மெதுவாத்தான் இறங்கும், ரெண்டு மணி நேரத்துல 160ன்னு காட்டிட்டு நாலாவது மணி நேரத்துல 220க்குப் போகலாம். பிரியாணி அன்னிக்கு மட்டும் ரெண்டு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணுன்னு பாருங்க. நான் சொல்றது கடிகார மணி இல்ல, முதல் வாயிலேர்ந்து கணக்கு.