மறு: ஓடும் பொருளோடு கேமராவையும் திருப்பி எடுப்பதற்குத் தமிழ்ச்சொல்

ஐயா, வணக்கம்.

ஓடும் பொருளோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுக்கும் ‘பேனிங்’குக்கு (panning), பின்புலம் மங்கித் தெரிவதை வைத்து நீங்கள் தந்த ‘பின்புலமங்கல்’ காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் போர் விமானத்தைப் படம் எடுக்கிறவர்களுக்கு அது பொருந்தாது. பின்னால் வெறும் வானம்தான் என்றால் மங்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது? அப்போதும் இடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டேதானே எடுக்கிறோம். விளைவுக்கு அல்ல, செயலுக்குத்தான் பெயர் வேண்டும்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை சாகசக் காட்சியில், தேஜஸ் போர் விமானத்துக்கு வைத்த 1/1600 நொடி ஷட்டர் வேகத்திலேயே விமானப்படையின் சாரங் சாகசக் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்களையும் எடுத்துவிட்டேன். படம் கூர்மைதான். ஆனால் மேலே நான்கு இறக்கைகளும் எண்ணிவிடலாம் போல அசையாமல் நிற்கின்றன. கயிறு கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி. இறக்கை சுழல்வது தெரிய 1/125 பக்கம் இறங்க வேண்டும். அந்த வேகத்தில் கேமராவும் கூடவே திரும்பாவிட்டால் மொத்தமும் கலங்கிவிடும்.

சூலூர் எங்களுக்கு எட்டும் தூரம்தான், ஆனால் விமானப்படைத் தளத்தருகே கேமராவைத் தூக்கக் கூடாது. அதனால் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைச் சாலையோரம் நின்று பஸ்களை வைத்துப் பழகினேன். 1/30 நொடி. நாலைந்து நாள் ஒன்றும் தேறவில்லை. பிறகு ஒரு மாலையில் கரும்பனைகள் எல்லாம் கிடைக்கோடுகளாக இழுபட்டுப் போக, பஸ்ஸின் பெயர்ப்பலகையில் ‘வேலந்தாவளம்’ என்ற ஊர்ப்பெயர் மட்டும் எழுத்தெழுத்தாக நின்றது.

இங்கே புதிதாக வரும் பிள்ளைகளுக்கு “வண்டி கூடவே திருப்புடா” என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் ‘கூடவே’யை விடாமல் ‘உடன்திருப்பு’ என்று வைக்கலாமா? அகப்பாடல்களின் ‘உடன்போக்கு’ நமக்குப் பழகிய சொல். தலைவனோடு தலைவி வழிநடக்கிற அதே ‘உடன்’. வினையாகவும் வளையும்: “உடன்திருப்பி எடுத்தேன்”. பக்கவாட்டு அசைவை விட்டுவிட்டு மேல்கீழ் நடுக்கத்தை மட்டும் அடக்கும் லென்ஸ் அமைப்பை ‘உடன்திருப்பு நிலை’ என்று கையேட்டில் எழுதிவிடலாம்.

இன்னொருவர் சொன்ன ‘தொடர்வீச்சு’ வேண்டாம் என்பேன். பொத்தானை அழுத்திப் பிடித்து வரிசையாக எடுப்பதைத் ‘தொடர்படம்’ என்கிறோம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. கேமராவை முக்காலியில் (டிரைபாட்) வைத்து ஒரு மலைத்தொடரை வீடியோவில் மெல்லத் தடவிக் காட்டுவதையும் பேனிங் என்றே சொல்கிறார்கள். அங்கே உடன் ஓட எதுவும் இல்லை. அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘துழாவல்’ சரிவருமா?