ஏரிச் செடியைத் தொட்டியில விடுறதுக்கு முன்னாடி: என்ன மருந்து, எத்தனை நாள்?

பாலாத்து_கப்பி:
காவேரிப்பாக்கம் ஏரிக் கால்வாயிலிருந்து வேலம்பாசி, ரிப்பன் மாதிரி நீளமான வாலிஸ்நேரியா, கரையோரம் படர்ந்திருந்த நீர்பிரமி, நாலு கொட்டிக்கிழங்கு கிடைச்சிருக்கு. தொட்டி 2 அடி, 55 லிட்டர். உள்ள கப்பி மீனும் சின்ன இறாலும் இருக்கு. போர் தண்ணி, டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்பு அளவு) 900. நத்தை முட்டை, அட்டை, தட்டான் குஞ்சு எதுவும் உள்ள போகாம இருக்கணும். பெர்மாங்கனேட் (கிருமி கொல்லுற ஊதா நிற மருந்து) எவ்வளவு போடணும்? ஏரி வண்டலை அடியில போடலாமா?

மதகடி:
மருந்துக்கு முன்னாடி, எடுத்த இடத்தைப் பாருங்க. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் கழிவு கலந்த ஓடையா இருந்தா செடியைத் தூக்கிப் போட்டுடுங்க. 1996லயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போன விவகாரம் அது. வேலம்பாசியும் வாலிஸ்நேரியாவும் அந்தக் கழிவுல இருக்கிற குரோமியத்தை உள்ளுக்கே இழுத்து வச்சுக்கும், எந்த மருந்துல முக்கினாலும் வெளிய வராது. பூச்சி மருந்து அடிச்ச நெல் வயல் வாய்க்காலும் வேணாம், இறால் தாங்காது. அமிர்தி மாதிரி காப்புக்காட்டுக்குள்ள செடி பறிக்கறது சட்டப்படி குத்தம்.

இடம் சரின்னா முதல் வேலை கத்திரிக்கோல். வேலம்பாசியில நுனி 6 அங்குலம் போதும், மீதியைக் கழிச்சிடுங்க. வாலிஸ்நேரியா வேரை ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்க. கூம்பு நத்தை குட்டி போடுற வகை, வேர் மண்ணுல தான் ஒளிஞ்சிருக்கும். இலைக்கு அடியில ஜெல்லி மாதிரி ஒட்டியிருக்கிற முட்டைக் கொத்தை நகத்தால வழிச்செடுங்க. அப்புறம் மூணு பக்கெட் தண்ணி மாத்தி அலசுங்க.

பெர்மாங்கனேட்: 1 கிராமை 1 லிட்டர் தண்ணில கரைச்சு வச்சுக்கோங்க. அதுல 100 மில்லியை 10 லிட்டர் பக்கெட்ல ஊத்தினா லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரும். 10 நிமிஷம் முக்கி எடுங்க, மெல்லிய இலைக்கு அதுவே அதிகம். கையில பட்டா நாலு நாளைக்குக் கறை போகாது, கையுறை போடுங்க. பக்கத்துல ஃபார்மலின் பாட்டில் இருக்கவே கூடாது.

வெள்ளை_அல்லி:
மதகடி சொன்ன அளவு சரி. ஆனா பெர்மாங்கனேட்டை நம்பி அன்னைக்கே தொட்டியில விட்டுடாதீங்க. நத்தை முட்டையைச் சுத்தி இருக்கிற ஜெல்லியைத் தாண்டி அது சரியா போகாது. ஊசித்தட்டான் தண்டைக் கீறி முட்டையை உள்ளயே சொருகி வைக்கும். வெளியில முக்கினா அதுக்கு என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது.

அதனால தான் தனித் தொட்டி. பெயின்ட் வாடை இல்லாத 20 லிட்டர் டப், வெறும் தண்ணி, மண்ணே கூடாது. 4 வாரம். முட்டையெல்லாம் பொரிஞ்சு கண்ணுக்குத் தெரிய அவ்வளவு நாள் வேணும். வாரம் ஒரு தடவை செடியை எடுத்து அலசி, டப்பைத் தேய்ச்சு, தண்ணியை முழுசா மாத்துங்க. தண்ணியைக் கீழ ஊத்தும்போது வெள்ளைத் துணியில வடிகட்டினா என்னென்ன பொரிஞ்சிருக்குன்னு தெரியும். கொசுவலை போட்டு இறுக்கக் கட்டுங்க. இல்லன்னா கொசு ஒரு பக்கம், தட்டான் இன்னொரு பக்கம் புதுசா முட்டை போடும்.

பாலாத்து_கப்பி:
பெர்மாங்கனேட் ஊத்தி ரெண்டு நிமிஷத்துலயே ரோஸ் கலர் போய் டீத்தண்ணி மாதிரி ஆயிடுச்சே, ஏன்? நத்தை முட்டைக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டா சரியா போயிடுமா?

மதகடி:
பழுப்பாச்சுன்னா மருந்து செத்துப்போச்சு. சேறும் அழுகின இலையும் அதைத் தின்னுடுச்சு. இன்னும் ரெண்டு தடவை அலசிட்டு, புதுத் தண்ணில புதுசா கலந்து முக்குங்க. அதே தண்ணில மேல மேல ஊத்தினா அளவு கைமீறிடும்.

பவுடர் வேணவே வேணாம். அதுல வீரியம் எவ்வளவு இருக்கும்னு யாருக்கும் தெரியாது, திறந்து வச்சிருந்தா குறைஞ்சுகிட்டே போகும், சுண்ணாம்பும் படியும். வாசனை சேர்க்காத திரவ ப்ளீச், 5 சதவீதம், 1 பங்குக்கு 20 பங்கு தண்ணி. கெட்டி இலைச் செடிக்குன்னா 90 விநாடி. உங்ககிட்ட இருக்கிற வேலம்பாசி, வாலிஸ்நேரியா ரெண்டும் அதுல வெந்து கூழாயிடும். நீர்பிரமி மட்டும் ஒரு நிமிஷம் தாங்கும். உடனே ஹைப்போ (குளோரினை முறிக்கிற உப்பு) கரைச்ச தண்ணில போட்டு குளோரின் வாடை போற வரைக்கும் அலசணும்.

மிச்ச செடிக்குப் படிகாரம்: 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, 2-3 மணி நேரம். இதுவும் முட்டைக்கு உத்தரவாதம் இல்ல. 4 வாரத்தை இது குறைக்காது.

கொட்டிக்கிழங்கு_தோட்டம்:
நடுறதைப் பத்தி யாரும் பேசல. வண்டல் போடலாம், ஆனா உரம் போட்ட வயல் மண்ணு கூடாது, அமோனியா ஏறி மீன் போயிடும். வண்டலைக் காய வச்சுச் சலிச்சு ஒரு அங்குலம், அதுக்கு மேல கழுவின மணல் ரெண்டு அங்குலம். மணல்ல எலுமிச்சைச் சாறு விட்டு நுரைச்சா கிளிஞ்சல் இருக்குன்னு அர்த்தம், அந்த மணலை எடுத்துப் போடுங்க. ஏற்கெனவே உப்பும் கடினமுமா இருக்கிற போர் தண்ணில சுண்ணாம்பு மேல சுண்ணாம்பு எதுக்கு?

வாலிஸ்நேரியாவுக்கு உங்க கடினத் தண்ணி நல்லாவே ஒத்துக்கும், பைகார்பனேட்டையே உணவாக்கிக்கும் அது. குருத்து மணலுக்கு மேல தெரியணும், புதைஞ்சா அழுகும். கொட்டிக்கிழங்கை முழுக்கப் புதைக்காம பாதி வெளிய தெரிய வைங்க. கொஞ்ச மாசம் இலை விட்டுட்டுத் திடீர்னு எல்லாத்தையும் உதிர்க்கும். செத்துட்டதா நினைச்சுத் தூக்கிப் போடாதீங்க, கோடையில ஏரி காய்ஞ்சதும் அது தூங்குற வழக்கம் தான். கிழங்கு கெட்டியா இருந்தா உயிரோட தான் இருக்கு, அமுக்கினா கொழகொழன்னு இருந்தா தான் போச்சு.

நீர்பிரமி கரையில காத்துல வளர்ந்தது, தண்ணிக்குள்ள போனதும் பழைய இலை எல்லாம் கரையும். நுனியில புது இலை வர 3-4 வாரம் ஆகும். அதுவரைக்கும் கரைஞ்ச இலையைத் தினமும் எடுக்கணும், விளக்கு 6-8 மணி நேரத்துக்கு மேல வேணாம். செடி பிடிக்கறதுக்கு முன்னாடி வெளிச்சத்தைக் கூட்டினா நூல் பாசி முந்திக்கும்.

வெள்ளை_அல்லி:
டப்பை மொட்டை மாடியில வைக்காதீங்க. சித்திரை, வைகாசி வேலூர் வெயில்ல 20 லிட்டர் தண்ணி மதியம் வெந்நீர் மாதிரி ஆயிடும். நாள் முழுக்க நிழல் இருக்கிற இடம், சுத்தி ஈரச் சாக்கு. நாலாவது வாரம் முடிஞ்சதும் கப்பி ரெண்டை டப்ல விட்டு ஒரு நாலு நாள் பாருங்க. அதுங்க நல்லா இருந்தா செடி தொட்டிக்குப் போகட்டும். இறாலை மட்டும் இன்னும் ஒரு வாரம் தள்ளி வைங்க, பூச்சி மருந்து மிச்சம் கப்பியை விட அதைத் தான் சீக்கிரம் அடிக்கும்.

வெட்டின துண்டு, அலசின தண்ணி எதையும் கால்வாயில கொட்டாதீங்க. செடி மாடிச் செடிக்கு உரம், தண்ணி வெயில்ல காயுற மண்ணுல.