வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ்: வாசிப்பை எப்படித் தொடங்குவது?

வினா (ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, ஓசூர் வட்டாரம்)

அனைவருக்கும் வணக்கம். அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழ் மட்டுமே அறிந்தவர்கள்; மற்றவர்களில் பெரும்பாலோர் தெலுங்கு பேசும் வீடுகளிலிருந்தும் சிலர் கன்னடம் பேசும் வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். தெலுங்கு பேசும் சிறுமி ஒருத்தி பாடத்தைத் தடையின்றி உரக்க வாசிக்கிறாள். ஆனால் கதையில் யார் எங்கே போனார்கள் என்று கேட்டால் பேசாமல் நிற்கிறாள். தமிழ் மட்டும் பேசும் பையன் ஒருவன் இதற்கு நேர்மாறு: எழுத்துக் கூட்டவே திணறுகிறான், ஆனால் நான் கதையை வாசித்துக் காட்டினால் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்கிறான். இருவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுப்பது சரியாகப் படவில்லை. வீட்டிலும் தமிழிலேயே பேசுமாறு பெற்றோரிடம் சொல்லிவிடலாம் என்று உடன் பணிபுரிவோர் சிலர் கூறுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை என்றாலும், மறுத்துச் சொல்லப் போதிய காரணம் கையில் இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (வாசிப்புப் பயிற்றுநர்)

வணக்கம் அம்மா. காஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்த கருத்து உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அப்படியே பொருந்துகிறது. எழுத்தை ஒலியாக்கும் திறன், கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு என்றார்கள் அவர்கள். ஆகவே ஒன்று எவ்வளவு உயர்ந்திருந்தாலும் மற்றது சுழியமானால் விடையும் சுழியமே. பையனுக்கு முதல் திறனில் குறை, சிறுமிக்கு இரண்டாவதில் குறை.

சிறுமியிடம் முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். அதே கேள்விக்குத் தெலுங்கில் பதில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெலுங்கு தெரியாவிட்டால் இருமொழியும் அறிந்த ஒரு பிள்ளை உதவட்டும். சரியாகச் சொன்னால் அவளுக்குக் கதை புரிந்திருக்கிறது, தமிழில் பேசும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. அப்போதும் சொல்ல முடியாவிட்டால் சொற்களே தெரியவில்லை என்று கொள்ளலாம். கனடாவில் எல்லன் பியாலிஸ்டாக்கும் உடனாய்வாளர்களும் 3 முதல் 10 வயது வரையுள்ள 1,738 பிள்ளைகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழிப் பிள்ளைகளின் ஆங்கிலச் சொல்வளம் சராசரியில் சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் ஆறு வயதினரிடம் அந்தக் குறை பெரும்பாலும் வீட்டுப் புழக்கச் சொற்களில்தான் காணப்பட்டது, பள்ளிச் சொற்களில் அவ்வளவாக இல்லை. நம் தொடக்க வகுப்புப் பாடங்களிலோ உரல், அம்மி, கரண்டி, பாட்டி வீடு என்று வீட்டுச் சொற்களே நிறைந்திருக்கின்றன. அந்தச் சிறுமி அப்பொருள்களையெல்லாம் தெலுங்கில் அறிந்தவள். எனவே வாசிக்கும் முன் படத்தைக் காட்டி, பொருளைக் காட்டி, கதையைப் பேச்சில் இருமுறை சொல்லிவிட்டுப் பிறகு புத்தகத்தைத் திறங்கள்.

பையனுக்குப் பொறுமை வேண்டும். கன்னடப் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் என்னும் ஆய்வாளர் செய்த ஆய்வுகள், மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே எழுத்தாகும் இத்தகைய எழுத்துமுறையில் தேர்ச்சி பெற ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு ஆவதைவிட மிக நீண்ட காலம் ஆகிறது என்று காட்டுகின்றன. தமிழின் 247 எழுத்துகளில் பெரும்பாலானவை குறியீடு சேர்ந்து பிறப்பவைதாம். என்றாலும் கு, சு, டு, நு, மு என்று உகரம் மெய்க்கு மெய் வடிவம் மாறுகிறது, கெ, கே, கை ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. திணறல் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் இருக்கும். அவன் எந்த எழுத்தில் நிற்கிறான் என்று குறித்துவைத்து, அந்த வரிசைக்கு மட்டும் நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்குங்கள். முழு அட்டவணையையும் ஒப்பிக்கச் செய்வதால் பயனில்லை.

மறுமொழி 2 (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்)

மேலே கூறியவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நம் ககரம் ‘பக்கம்’ என்பதில் வலித்தும், ‘தங்கம்’ என்பதில் மெலிந்தும், ‘பகல்’ என்பதில் இளகியும் ஒலிக்கிறது. தமிழ்வீட்டுப் பிள்ளைக்குச் சொல் முன்பே தெரியும் என்பதால் ஒலி தானாக வந்துவிடும்; சொல்லைக் கேட்டறியாத தெலுங்குப் பிள்ளைக்கு அந்தத் துணை கிடையாது. மேலும் தெலுங்கில் இவ்வேறுபாடு பொருளையே மாற்றும்: ‘குடி’ என்று நாம் எழுதக்கூடிய சொல்லை வலித்து ஒலித்தால் வலப்பக்கம், மெலித்து ஒலித்தால் கோயில். ஆகவே ‘இந்த எழுத்துக்கு எத்தனை ஒலி?’ என்று அப்பிள்ளை கேட்டால் அது கூர்மையான கேள்வி. மெல்லெழுத்துக்குப் பின் மெலியும், இரட்டித்தால் வலிக்கும் என்ற வழக்கத்தைச் சொற்களைக் கொண்டே காட்டிவிடலாம். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு தெலுங்கிலும் கன்னடத்திலும் உண்டு என்பதால் அதை ஒலியாக உணர்த்த நேரம் செலவிட வேண்டியதில்லை.

பிழை திருத்தும்போது எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ரகர றகரக் குழப்பமும் ழகர ளகரக் குழப்பமும் தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகளிடமும் உண்டு. அவற்றைத் தெலுங்கின்மேல் ஏற்றுவது நியாயமன்று. அதுபோலவே தமிழ்வீட்டுப் பிள்ளை ‘எல’ என்று பேசி ‘இலை’ என்றும், ‘ஒதவி’ என்று பேசி ‘உதவி’ என்றும் எழுதக் கற்க வேண்டியிருக்கிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள இந்தத் தொலைவைக் கருதினால், ஒருமொழிப் பிள்ளை என்று நாம் சொல்பவனும் பள்ளியில் ஏறத்தாழ இன்னொரு மொழியைத்தான் கற்கிறான்.

மறுமொழி 3 (ஒரு தாய், தெலுங்கு பேசும் குடும்பம்)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். வீட்டில் தமிழில் பேசச் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். எங்கள் வீட்டில் கதை சொல்பவர் அவ்வா (பாட்டி); அவருக்குத் தமிழ் சந்தையில் பேசும் அளவுக்குத்தான் தெரியும். அவரைத் தமிழில் பேசச் சொன்னால் கதை நின்றுபோகும், கதையோடு பிள்ளை கேட்டுப் பழகும் நீண்ட வாக்கியங்களும் காரண காரியப் பேச்சும் நின்றுபோகும். அந்தப் பழக்கம் எந்த மொழியில் வந்தாலும் தமிழ்ப் பாடத்துக்கும் உதவுவதை என் மகளிடம் காண்கிறேன். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவே 1956 முதல் கூறுகிறது. எங்களைப் போன்றோர் விரும்பித்தான் தமிழ்வழி வகுப்பில் சேர்க்கிறோம். அதற்காக வீட்டு மொழியை விட்டுக்கொடுக்கச் சொல்வது முறையன்று.

வினா எழுப்பியவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளையே சிறுமியிடம் தெலுங்கில் கேட்டுப் பார்க்கிறேன். என் வகுப்பில் இருமொழியும் நன்கு பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பையன் பெரும்பாலும் கொம்பு வரும் எழுத்துகளில் நிற்பதாக நினைவு. அதைக் குறித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தலைமையாசிரியர் ஐயாவிடம் ஒரு விளக்கம் வேண்டும்: ககரத்தைப் போலவே சகரத்துக்கும் ‘பஞ்சு’, ‘பச்சை’, ‘பசி’ என்று சொற்களை வைத்தே காட்டலாமா, அல்லது ககரம் நன்றாகப் படிந்த பிறகு தொடங்குவது நல்லதா?

மறுமொழி 2 (தலைமையாசிரியர்)

ககரம் படியட்டும் அம்மா. அடுத்து டகரத்தையும் பகரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். சகரம் ஊருக்கு ஊர் வேறுவிதமாக ஒலிப்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.