ஆம்ஸ்டர்டாம் – பிராக் ரயில் பயணம்: நடுவில் ஜெர்மனியில் எந்த ஊரில் தங்கலாம்?

கேள்வி (மூவர்அணி):
ஜூலையில் மூன்று பேர்: நான், மனைவி, முழங்கால் வலி உள்ள அம்மா. ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, பிராக்கில் விமானம் ஏறுகிறோம். ஜெர்மனிக்கு 4 இரவு. கொலோன், மியூனிக், நியூரம்பெர்க், பெர்லின் என ஊருக்கு ஓர் இரவு போட்டிருக்கிறேன். 63 யூரோ டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்தால் எல்லா ரயிலிலும் ஏறலாம் என்றார்கள். ஆனால் ஜெர்மன் ரயில்வேயின் செயலியில் எந்த வேக ரயிலைத் தொட்டாலும் தனிக் கட்டணம் கேட்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

தண்டவாளம்:
செயலி சரியாகத்தான் சொல்கிறது. அந்த டிக்கெட் உள்ளூர், வட்டார வண்டிகளுக்கு மட்டும்: ஆர்இ, ஆர்பி (வட்டார ரயில்கள்), எஸ்-பான் (புறநகர் ரயில்), டிராம், நகரப் பேருந்து. ஐசிஇ, ஐசி, ஈசி என்ற தூர ரயில்கள் மூன்றிலும் செல்லாது. அது மாதச் சந்தா வேறு. அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போகும். உங்கள் 4 இரவுக்கு அது வேண்டாம். தூர ஓட்டங்களுக்கு சூப்பர் ஷ்பார்ப்ரைஸ் (குறித்த வண்டியில் மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்), ஊருக்குள் நாள் டிக்கெட், அவ்வளவுதான்.

திட்டத்தில்தான் பெரிய கோளாறு. கூட்டிப் பாருங்கள்: ஆம்ஸ்டர்டாம்–கொலோன் 2.40 மணி, கொலோன்–மியூனிக் நாலரை, மியூனிக்–நியூரம்பெர்க் ஒன்று, அங்கிருந்து பெர்லின் மூன்று, பெர்லின்–பிராக் நாலுக்கு மேல். இருக்கையில் மட்டும் 15 மணி நேரம், ஐந்து முறை பெட்டி கட்டுதல். முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு இது தண்டனை. மியூனிக் உங்கள் பாதையிலேயே இல்லை, தெற்கே ஒரு சுற்று. அதை வெட்டுங்கள்.

எல்பேக்கரை:
நான் சொல்வது: கொலோன் 1 இரவு, டிரெஸ்டன் 3 இரவு. பேர் பெற்ற ஊரைத் தேடாதீர்கள், போகிற தடத்தில் இருக்கும் ஊரைப் பிடியுங்கள். டிரெஸ்டனிலிருந்து பிராக் நேரடி ஈசியில் இரண்டரை மணி நேரத்துக்குள். நியூரம்பெர்க் அழகான ஊர்தான், ஆனால் அங்கிருந்து பிராக் போக ஷ்வாண்டோர்ஃப் பக்கம் மின்கம்பி இல்லாத டீசல் பாதையில் ஊர்ந்துதான் போகணும்.

டிரெஸ்டனில் இருந்தால் சாக்சன் சுவிட்சர்லாந்து மலைப்பாறைகள் எஸ்1 வண்டியில் சுமார் 40 நிமிடம். குர்ஓர்ட் ராட்டன் நிலையத்தில் இறங்கி, எல்பே ஆற்றைப் படகில் கடந்து, பாறைகளுக்கு நடுவே உள்ள பாஸ்டை பாலத்துக்கு ஏறுவார்கள். அந்தப் படகுக்கு இயந்திரம் கிடையாது. ஆற்றில் கட்டிய கம்பி பிடித்துக்கொள்ள, நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளும். ஆனால் அதற்கப்புறம் முழுக்கப் படி. அம்மாவை அந்த வழியில் கூட்டிப் போகாதீர்கள். முன்னாலேயே பிர்னாவில் இறங்கினால் பாஸ்டை வரை பேருந்து உண்டு. அன்றைக்கு 5 பேர் வரை செல்லும் க்ளைன்க்ரூப்பன்கார்ட்டே என்ற சிறுகுழு நாள் டிக்கெட் எடுத்தால் ரயில், பேருந்து, டிராம் எல்லாம் ஒரே சீட்டில் முடியும்.

தண்டவாளம்:
ஒப்புக்கொள்கிறேன். கொலோன்–டிரெஸ்டன் நாள்தான் சிக்கலானது. ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள், பிராங்க்பர்ட்டில் மாற வேண்டும். அங்கிருந்து எர்ஃபர்ட், லைப்சிக் வழி நேரடி ஐசிஇ இருக்கிறது. வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்:

கொலோனில் இரண்டு நிலையம். புகழ்பெற்ற பெரிய தேவாலயத்தை ஒட்டியது ஹவுப்ட்பான்ஹோஃப், அதாவது மத்திய நிலையம். பல ஐசிஇ அங்கே வராமல் ரைன் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மெஸ்ஸே/டாய்ட்ஸில், அதுவும் 'டீஃப்' எனப்படும் கீழ்த்தள மேடையில் நின்று போய்விடும். டிக்கெட்டில் நிலையப் பெயரை முழுசாகப் படியுங்கள். மாறிப் போனால் பதற வேண்டாம், எஸ்-பானில் ஒரே நிறுத்தம். பிராங்க்பர்ட்டிலும் இதே கதை: விமான நிலையம், தெற்கு, மத்திய நிலையம் மூன்றும் வேறு வேறு.

செயலி 8 நிமிட மாற்றத்தைக்கூடக் காட்டும். எடுக்காதீர்கள், குறைந்தது 30 நிமிடம் வையுங்கள். முழுத் தூரத்தையும் ஒரே பதிவாக வாங்குங்கள். துண்டு துண்டாக வாங்கினால் முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் நஷ்டம் உங்களுக்கு. ஒரே பதிவாக இருந்து, சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதம் ஆகும் என்று தெரிந்தாலே 'இந்த வண்டிதான்' என்ற கட்டு அவிழ்ந்துவிடும், அடுத்த வண்டியில் ஏறலாம். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும்.

இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை. ஆனால் ஜூலையில் ஆளுக்கு 5.50 யூரோ கொடுத்து விடுங்கள். இல்லாவிட்டால் அம்மா கதவோரம் பெட்டி மேல்தான் உட்கார வேண்டிவரும்.

மூவர்அணி:
மியூனிக், நியூரம்பெர்க், பெர்லின் மூன்றையும் எடுத்துவிட்டேன். ரைன் ஆற்றோரமாகப் போகும் ரயில் என்கிறார்களே, கொலோன்–பிராங்க்பர்ட் வழியில் அதுவும் பார்த்துவிட முடியுமா? கொலோனுக்கு ஒரு இரவு போதுமா?

எல்பேக்கரை:
தானாக வராது. 2002இல் திறந்த அதிவேகப் பாதை ஆற்றை விட்டு விலகி மேட்டு நிலத்தில் ஓடுகிறது, ஒரு மணி நேரச் சொச்சத்தில் கொண்டுபோய் விடும். ஆறு வேண்டுமென்றால் தேடும்போது இடைநிறுத்தமாகக் கோப்லென்ஸ், அடுத்து மைன்ஸ் என்று கொடுங்கள். செயலி பழைய பாதைக்கு மாறும். கூடுதலாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொலோனிலிருந்து தெற்கே போகும்போது ஓடும் திசைக்கு இடப்பக்க ஜன்னல். கோப்லென்ஸுக்கு அப்புறம் பிங்கன் வரைதான் காட்சி: கோட்டைகள், திராட்சைச் சரிவுகள், எதிர்க்கரையில் லோரலை பாறை. அதற்கு முன்னால் தூங்கினாலும் ஒன்றும் குறையாது.

தேவாலயத்துக்கு நிலையத்திலிருந்து இரண்டு நிமிட நடை, ஆகவே ஒரு இரவு தாராளம். கோபுரம் 533 படி, மின்தூக்கி இல்லை. அம்மா கீழேயே இருக்கட்டும்.

தண்டவாளம்:
பதிவு செய்யுமுன் அந்தத் தேதிக்குப் பாதை மூடல் இருக்கிறதா பாருங்கள். ஜெர்மனியில் இப்போது முழுத் தடத்தையும் மாதக்கணக்கில் மூடிப் புதுப்பிக்கிறார்கள். 2024இல் பிராங்க்பர்ட்–மான்ஹைம், 2025 ஆகஸ்டிலிருந்து ஹாம்பர்க்–பெர்லின். அப்படியான நாளில் ரயிலுக்குப் பதில் பேருந்து வரும்.

மூவர்அணி:
டிரெஸ்டனில் ஞாயிறு மாலை சேர்ந்து புதன் காலை கிளம்புகிற மாதிரி வருகிறது. சரியா?

எல்பேக்கரை:
திங்களும் செவ்வாயும்தான் கையில், அங்கேதான் கவனம். ரஃபேலின் சிஸ்டைன் மடோனா இருக்கும் ஸ்விங்கர் ஓவியக்கூடம் திங்கள் விடுமுறை. பச்சை அறைகள் என்ற அரச கருவூலம் இருக்கும் அரண்மனை செவ்வாய் விடுமுறை. ஆகவே திங்களில் அரண்மனை, மாலையில் ஃப்ராவன்கிர்ஹே தேவாலயம். செவ்வாய் காலையில் ஸ்விங்கர், மதியத்துக்கு மேல் பாஸ்டை. பச்சை அறைகளின் பழைய பகுதிக்கு நேரம் குறித்த சீட்டு, முன்னாலேயே எடுங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். பால், ரொட்டி வேண்டுமானால் ரயில் நிலையத்துக் கடையில்.

புதன் பிராக் வண்டியிலும் இடப்பக்கமே பிடியுங்கள், எல்லை தாண்டியும் எல்பே அந்தப் பக்கம்தான் வரும்.