புல் பாட்டிலில்தான் மண் கரைந்தது

கோத்தகிரி டீச்சர்:
புல்லின் வேர் மண்ணை அரிக்காமல் பிடித்துக்கொள்ளும் என்று காட்டும் அந்த மூன்று பாட்டில் சோதனைதான், எல்லாரும் செய்திருப்பீர்கள். வெறும் மண், சருகு போர்த்திய மண், புல். ஐந்தாம் வகுப்பு. பூவாளியால் தண்ணீர் விட்டதும் புல் பாட்டிலிலிருந்துதான் டீ நிறத்தில் கொட்டியது. வெறும் மண்ணில் வந்ததோ ஏறக்குறைய தெளிந்த தண்ணீர். முன்வரிசைச் சிறுமி இரண்டு டம்ளரையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அப்படியென்றால் புல்தானே டீச்சர் மண்ணைக் கரைக்கிறது?" என்றாள். மணி அடித்துவிட்டது. 2009 நவம்பரில் எங்கள் மலைச்சரிவுகள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.

வயல்காட்டான்:
முந்தின நாள் பெயர்த்து வைத்த புல்தானே? வேர் பிடிக்காத புல் மண்ணுக்குத் தொப்பி மாதிரி. வெறும் மண்ணைக் கையால் அழுத்தி நிரப்பியிருப்பீர்கள், அது எளிதில் கரையாது. என் மகனுக்காக நான் ராகி விதைத்து மூன்று வாரம் காத்திருந்தேன், சரியாக வந்தது. என் கதை அவ்வளவுதான். இனிச் செய்தால் கவனியுங்கள்: மூன்றிலும் ஒரே மண், ஒரே இறுக்கம், ஒரே சாய்வு. பூவாளியை ஒரே உயரத்தில் பிடியுங்கள். உயரம் கூடினால் துளியின் அடியும் கூடும். பாட்டிலுக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றை நிறுத்துங்கள், துளி விழுந்து மண் தெறிப்பது புள்ளி புள்ளியாகத் தெரியும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். டம்ளரை மறுநாள்வரை அசைக்காமல் வைத்து, அடியில் படிந்த வண்டலை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள்.

தேரிக்காட்டு வாத்தியார்:
தண்ணீர் தண்ணீர் என்றே பேசுகிறீர்கள். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் தேரியில், அதாவது செம்மணல் மேடுகளில், மண்ணைத் தூக்குவது காற்று. தாம்பாளத்தில் செம்மணல் பரப்பி, பாதியில் பனையோலைத் துண்டுகளை வேலியாக நட்டு, டேபிள் ஃபேனைத் திருப்பினேன். தலைமையாசிரியரின் சோற்றில் மணல் விழுந்த கதை தனி. ஓலைக்குப் பின்னால் விரல் உயரத்துக்கு ஒரு மேடு கட்டியது. கடைசி பெஞ்சுப் பையன், அதுவரை வாயே திறக்காதவன், "சார், எங்கள் கொல்லாமரத்தடி இப்படித்தான் இருக்கும்" என்றான். கொல்லா என்றால் முந்திரி.

கோத்தகிரி டீச்சர்:
வயல்காட்டானுக்கு: பெயர்த்த புல்தான், பள்ளி வேலியோரத்தில் எடுத்தது. நான் யோசனை கேட்கவில்லை என்றாலும் நன்றி. ஆனால் அவள் பார்த்ததும் பொய்யில்லையே? இங்கே சரிவை ஜேசிபியால் வெட்டி, மேலே புல்பத்தையை ஒட்டிவைத்துவிட்டுப் போகிறார்கள். முதல் மழையில் புல்லோடு இறங்குகிறது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். இப்போது ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டாள்.